தூக்கிப் பார்க்காத கல்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. எங்களுக்கு வேறு வேலை கிடையாது, ஆரம்பித்தால் நிறுத்தவும் தெரியாது. காலையில் நெய்வேலியில் மரநிழலில் ஒரு நடை, மாலையில் இன்னொரு நடை, நடுவில் வீட்டுக்காரரோடு ஒரு சின்னச் சண்டை, இவ்வளவுதான் இப்போது என் நாள். சந்தோஷமாகவே இருக்கிறேன். எழுதச் சொன்னதில் இன்னும் கொஞ்சம் சந்தோஷம்.

கல்லை வெளிச்சம் ஊடுருவும் சீவலாகத் தேய்ப்பது எப்படி, மைக்ராஸ்கோப்பில் எந்தக் கனிமம் என்ன நிறம் காட்டும் என்பதையெல்லாம் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருப்பார்கள். மனிதர்கள் நிலவுக்குப் போய்ப் பொறுக்கி வந்த கல்லையும், வானத்திலிருந்து தானாக வந்து விழுந்த கல்லையும் அருகருகே வைத்து, இது அதற்கு உறவா இல்லையா என்று பார்ப்பது நம் வேலை. அந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். பெருமையாக வரவில்லை. ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.

கல்லூரியில் நான் படித்தது பாறையியல். வாழ்க்கைப்பட்டது பாறையே இல்லாத ஊருக்கு. நெய்வேலியில் தோண்டத் தோண்ட மணலும் களிமண்ணும்தான், அதற்கும் கீழே பழுப்பு நிலக்கரி. வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. நான் டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். மூன்று அறை, ஒரு ரம்பம், ஒரு பழைய மைக்ராஸ்கோப், ஒரு அட்டெண்டர், ஒரு முதலாளி. செங்கல் சூளைக்காரர்களும் ரோடு காண்ட்ராக்டர்களும் சாம்பலும் களிமண்ணும் கொண்டுவருவார்கள். பரிசோதித்து ரிப்போர்ட் கொடுப்போம். பன்னிரண்டு வருடம் அப்படி ஓடியது.

இங்கே 'கிளிங்கர்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அனல்மின் நிலையத்துக் கொதிகலனில் நிலக்கரி எரியும்போது சாம்பலில் கொஞ்சம் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புக் கட்டியாக இறுகிவிடும். அதுதான் கிளிங்கர். லாரி லாரியாக வெளியே போகும். நெய்வேலியில் சாலையோரத்தில், தோட்டத்தில், பூந்தொட்டிக்கு அடியில் எங்கு பார்த்தாலும் அது கிடக்கும். தோசை கருகினால் வீட்டுக்காரர் "என்ன, இன்னைக்குக் கிளிங்கரா?" என்பார். அபூர்வக் கல் கிடைத்துவிட்டது என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு வருவார்கள். அவிழ்ப்பதற்கு முன்பே நான் "கிளிங்கர்" என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அட்டெண்டர் எனக்கு வைத்த பெயரே கிளிங்கர் மேடம்.

நிலவுக்கு நம் கலம் முதல் தடவையாகப் போய்ச் சேர்ந்த சமயம் அது. பேப்பரைத் திறந்தால் நிலா, டீக்கடையில் நிலா. அந்த நாட்களில் ஒரு முற்பகல், முத்தாண்டிக்குப்பம் பக்கம் பண்ருட்டி ரோட்டில் அஞ்சலை என்பவரின் டிபன் கடையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு கல் வந்து இட்லி மாவு அண்டாவில் விழுந்தது. இரண்டு கைப்பிடி அளவு இருக்கும், கன்னங்கரேல் என்று. அதற்கு முன்னால் 'டம்' என்று பெரிய சத்தம் கேட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு ஊராக இருந்தால் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். சுரங்கத்து வெடியைக் கேட்டே வளர்ந்த இந்தப் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் தலையைத் தூக்குவதில்லை.

தலையைத் தூக்காதவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள். சாம்பல் ஏற்றிய டிப்பர் ஒன்று அப்போதுதான் கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்திருந்தது. வண்டியை மடக்கி டிரைவரை இறக்கினார்கள். தேவராசு என்று பெயர், அதே ஊர்க்காரர், நாற்பது வயது. பள்ளத்தில் வண்டி குதித்ததில் கல் எகிறிவிட்டது என்று கூட்டம் முடிவு கட்டியது. எகிறிய கல் எப்படிக் கூரைக்கு மேலே ஏறி, பிறகு கூரையை ஓட்டை போட்டு இறங்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பிறகு அந்தக் கல்லைப் பார்த்த நானும் யோசிக்கவில்லை.

தேவராசு வேலை பார்த்த காண்ட்ராக்டர் கல்லை எங்களுக்கு அனுப்பினார். கூடவே ஒரு வரி: இது கிளிங்கரா என்று சொல்லவும். அன்று என் மேசையில் இருபது சாம்பல் பொட்டலங்கள். அட்டெண்டர் கல்லைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தேன். கறுப்பாக, உருகி இறுகிய தோல். கிளிங்கர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு சொல்லுக்காக தேவராசுவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. இரண்டு வாரம் கழித்து அவரே வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஒன்பது வருடமாக விடாமல் வேலை பார்த்தவர் அவர். தொடர்ந்து வேலையில் இருக்கும் காண்ட்ராக்ட் ஆட்களின் சீனியாரிட்டி பட்டியல் ஒன்று அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. சுரங்க நிறுவனத்தில் என்றாவது பர்மனென்ட் ஆவதென்றால் அந்தப் பட்டியலில் பெயர் மேலே இருக்க வேண்டும். மாதக் கடைசியில் வேலையில் இல்லாதவர் பெயர் அடித்துவிடப்படும். மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

"மேடம், நான் சண்டைக்கு வரலீங்க" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்தக் கல்ல நீங்க கையில தூக்கினீங்களா?"

"பாக்காம எழுதுவேனா?"

"பாத்தீங்க. அது சரிங்க. தூக்கினீங்களான்னு கேக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்தவளிடம் வந்து லாரி டிரைவர் குறுக்கு விசாரணை செய்கிறாரே என்ற கோபம்தான், மறைப்பானேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"நான் ஒம்பது வருசமா கிளிங்கரு வாரிக்கினு இருக்கறேங்க. அது பூரா ஓட்ட ஓட்டயா பொரி மாதிரி இருக்கும். இம்மாம் பெருசு இருந்தாலும் வெயிட்டு இருக்காது. அன்னைக்கு அண்டாவுலேர்ந்து அந்தக் கல்ல எடுத்தது நான்தாங்க. எடுத்ததும் கை கீழ போயிடுச்சு. அப்பவே சொன்னன், இது நம்ம லோடு இல்லன்னு. யாரும் கேக்கல."

கல் இன்னும் அலமாரியில்தான் இருந்தது. எழுந்து போய், அவரை அனுப்பி வைக்கும் எண்ணத்தோடுதான், அதை எடுத்தேன். என் கையும் கீழே போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. காந்தத்தை வைத்தால் ஒட்டியது. அட்டெண்டர் ரம்பத்தில் ஒரு மூலையை அறுத்தார். கறுப்பு என்பது நகத்தின் கனம்கூட இல்லாத மேல்தோல் மட்டும். உள்ளே சாம்பல் நிறக் கல், ஒரு ஓட்டை கிடையாது. அதில் மினுமினுவென்று உலோகப் பொடிகள், நடுநடுவே கடுகு போல உருண்டை உருண்டையாக மணிகள். கல்லூரி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வானத்திலிருந்து வந்த கல் என் உள்ளங்கையில் இருந்தது. வெட்கத்தைவிட மகிழ்ச்சிதான் எனக்கு முதலில் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தேவராசு மகிழ்ச்சியடைய அவசரப்படவில்லை. "கிளிங்கரு இல்லன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"தரேன். ரெண்டு நாள்ல வாங்க."

என் முதல் தவறை எவரும் செய்துவிடலாம். இதற்குப் பின் செய்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் வியாபாரி. கல்லைப் பார்த்ததும் அவர் கண்ணில் நிலா உதித்துவிட்டது. "மேடம், நம்ம ரிப்போர்ட் தப்புன்னு தனியா ஒரு லெட்டர் போட்டா, நாளைக்கு எவன் நம்ம சாம்பல் ரிப்போர்ட்டை நம்புவான்? கொஞ்சம் பொறுங்க. இது நிலாவிலேர்ந்து வந்ததுன்னு உறுதியாகட்டும். ரெண்டையும் ஒரே நாள்ல சொல்லுவோம். அப்போ நம்ம தப்பை யாரும் பாக்க மாட்டாங்க. போட்டோதான் பாப்பாங்க."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அரைகுறையாக அறிக்கை தரக்கூடாது, முழுதாகத் தெரிந்த பிறகு தருவதுதான் முறை என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். உண்மையில், பேப்பரில் என் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியூரில் ஒரு ஆய்வகத்தில், நிலவுக் கற்களின் சீவல்களை வைத்து வேலை பார்க்கும் மூத்த பெண்மணி ஒருவரை எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர் யார் என்று ஆய்வகத்தில் பழையவர்களைக் கேட்டால் சொல்வார்கள், பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அறுத்த துண்டை அவருக்குக் கூரியரில் அனுப்பினேன். தேவராசு இரண்டாம் நாள் வந்தார். "ஒரு சோதனை பாக்கி இருக்கு" என்றேன். நான்காம் நாள் வந்தார். "இன்னும் முடியல" என்றேன். இரண்டு தடவையும் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார்.

ஆறாம் நாள் அந்தப் பெண்மணி போன் செய்தார்.

"நல்ல கல். ஆனா நிலா மாதிரி தெரியலம்மா. கல்லுக்குள்ள இருக்கற ஆக்சிஜனை அளந்து பார்த்தாத்தான் கடைசியா அடிச்சுச் சொல்ல முடியும். அதுக்கு மூணு நாலு மாசம் ஆகும்."

"பரவாயில்ல மேடம். அதுவரைக்கும் ரிப்போர்ட்டை நிறுத்தி வெச்சிருக்கேன்."

"எந்த ரிப்போர்ட்டை?"

சொன்னேன். கிளிங்கர் என்று எழுதியது, டிரைவர், பட்டியல், முதலாளியின் யோசனை, எல்லாவற்றையும்.

"அந்த டிரைவர் உன்கிட்ட என்ன கேட்டார்?"

"கிளிங்கரா இல்லையான்னு."

"அதுக்குப் பதில் உனக்கு எப்போ தெரிஞ்சது?"

"கையில தூக்கினப்போ."

"அதாவது ஆறு நாளைக்கு முன்னாடி. அவர் கேட்ட கேள்விக்கும் நிலாவுக்கும் என்னம்மா சம்பந்தம்? நிலா உன் கேள்வி. உன் கேள்விக்கு அவர் எதுக்கு வீட்ல உக்காந்திருக்கணும்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே எழுதினேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்க பேர்லயே போட்டுக்குங்க" என்றார். போட்டுக்கொண்டேன். நான்கே வரி. இந்தக் கல் கிளிங்கர் அல்ல. கொதிகலன் சாம்பலில் இப்படிப்பட்ட கல் உண்டாகாது. முன்பு நான் கொடுத்த அறிக்கை தவறு. கல்லைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதியது என் பிழை.

தபாலில் போட மனம் வரவில்லை. நானே காண்ட்ராக்டரின் சைட் ஆபீசுக்குப் போனேன். தகரக் கொட்டகை. உள்ளே சூப்பர்வைசரும் நான்கைந்து டிரைவர்களும். சூப்பர்வைசர் கடிதத்தை உரக்கப் படித்தார். கடைசி வரி வந்ததும் யாரோ சிரித்தார்கள்.

"தூக்கிப் பாக்கலன்னு யாராச்சும் ரிப்போர்ட்ல எழுதுவாங்களா மேடம்?" என்றார் சூப்பர்வைசர்.

"நடந்தது அதுதாங்க."

"சரி, கிளிங்கரு இல்லன்னா அது என்னா கல்லு?"

"வானத்துலேர்ந்து விழுந்தது."

சூப்பர்வைசர் முன்னால் சாய்ந்தார். "நிலாலேர்ந்தாங்களா? சொல்லுங்க மேடம். நிலாதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, காண்ட்ராக்டர்கிட்ட இப்பவே போன் போட்டு நானே தேவராசுவ வண்டியில ஏத்திடறேன்."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்த மாதத்தில் நிலா என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. ஆமாம் என்று சொன்னால் காரியம் அந்த நிமிடமே முடிந்துவிடும், நல்ல காரியம்தானே என்றுகூடத் தோன்றியது. ஆனால் எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எழுதித்தான் இந்த மனிதரை வீட்டில் உட்கார வைத்தேன். அதே வேலையை இன்னொரு தடவை செய்து அவரை மீட்டால், பிறகு நிலா இல்லை என்று ஆகும்போது முழுக் கடிதமும் பொய்யாகிவிடும். அவர் மறுபடியும் கீழே இறங்க வேண்டியிருக்கும்.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"தெரியாதுன்னா எப்படி மேடம்?"

"எங்கேருந்து வந்ததுன்னு தெரியாது. தேவராசு வண்டியிலேருந்து வரலன்னு தெரியும். அதுக்கு மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவர் கடிதத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை மனதுக்குள், படித்தார். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் நான் சமைத்ததையெல்லாம் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். மாதம் முடிய ஒரே நாள் இருக்கும்போது தேவராசு வண்டி ஏறினார் என்று அட்டெண்டர் வந்து சொன்னார். பட்டியலில் பெயர் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்லை அரசுத் துறையிடம் முறைப்படி ஒப்படைத்தோம். நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது, நிலா இல்லை. பெண்மணி என்னை வரவழைத்துச் சீவல்களை அருகருகே வைத்துக் காட்டினார். நிலவு ஒரு காலத்தில் உருகிக் கொதித்து ஆறிய உடம்பு. அதனால் அதன் கல்லில் அந்தக் கடுகு மணிகள் தங்கவில்லை, உலோகமும் அரிதாகத்தான் இருக்கும். உடைந்து நொறுங்கி மறுபடி ஒட்டிய வெள்ளைப் படிகங்களே அதிகம். அதன் ஆக்சிஜனில் எந்த வகை எவ்வளவு என்று அளந்தால் நம் பூமியின் ஆக்சிஜனோடு ஒத்துப்போகும், ஒரே கிணற்றுத் தண்ணீர் போல. பூமியும் நிலவும் ஒரே இடத்துப் பிறப்பு என்று நாம் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் கல்லில் மணிகள் அப்படியே இருந்தன, ஆக்சிஜனும் வேறு. அது ஒருபோதும் முழுதாக உருகாத கல், நிலவே உண்டாவதற்கு முன் உண்டானது. வானிலிருந்து விழுபவற்றில் மிகச் சாதாரண வகை. நிலவைவிட மூத்தது, ஆனாலும் சாதாரணம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கிளம்பும்போது அவர், "தப்பைத் தப்புன்னு எழுதத் தெரிஞ்ச ஆள் இங்கே வேணும், வர்றியா?" என்று கேட்டார். இப்படித்தான் உங்கள் ஆய்வகத்துக்கு வந்தேன். நான் அங்கேயும் வீட்டுக்காரர் இங்கேயுமாக வருடங்கள் நல்லபடியாகவே போயின.

வேலையில் சேர ஊரைவிட்டுக் கிளம்பும் முன் முத்தாண்டிக்குப்பம் போனேன். அஞ்சலை கடைக்குப் புதுக் கூரையும் 'நிலாக்கல் டிபன் கடை' என்று புதுப் பலகையும் போட்டிருந்தார். அது நிலா இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இருந்துட்டுப் போவுதும்மா" என்றார் அவர். "பெயிண்டு காஞ்சி போச்சு. நீ இட்லி சாப்டு."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தேவராசுவின் டிப்பர் வந்து நின்றது. தார்ப்பாய் நான்கு மூலையும் இறுக்கிக் கட்டியிருந்தது. டீயோடு எதிரே வந்து உட்கார்ந்தார். ஊரைவிட்டுப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு நாள்ல தரேன்னு சொல்லிட்டு ஆறு நாள் உங்கள அலைய விட்டேன். சோதனை பாக்கின்னு சொன்னது சும்மா. எனக்குப் பேர் வரணும்னு காத்திருந்தேன்."

"தெரியுங்க மேடம்" என்றார். "நாலாவது நாளே தெரியும். என் மொகத்தப் பாத்து நீங்க பேசல."

"தெரிஞ்சுமா கோபப்படாம போனீங்க?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "நான் கோவப்பட்டிருந்தா நீங்க எழுதிக் குடுத்திருப்பீங்களா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. டீயைக் குடித்தார், லோடு இருக்கிறது என்றார், எழுந்து போனார். நான் யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருக்க மாட்டேன். அதை அன்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.